அத்தியாவசியப் பட்டியலில் இல்லாதவர்

ஸ்பெயினில் மருந்துக் கடைக்கு அடையாளம் பச்சை நிறச் சிலுவை விளக்கு. 2020 மார்ச்சில் நாடே முடங்கியபோது தெருவில் அணையாமல் எரிந்த விளக்குகளில் அதுவும் ஒன்று. கனேரித் தீவுகளின் சமத்துவ நிறுவனம் அங்குள்ள மருந்தாளுநர்களோடு சேர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்தது. வீட்டில் அடிபடுகிற பெண், மருந்துக் கடைக்குப் போய் "மாஸ்கரில்யா 19" என்று கேட்டால் போதும். பத்தொன்பதாம் எண் முகக்கவசம் என்று அர்த்தம். கணவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றாலும் அவன் காதில் அது எல்லோரும் கேட்கிற முகக்கவசமாகத்தான் விழும். கடையில் நிற்பவர் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு அவசர எண் 112-ஐக் கூப்பிடுவார். அவள் அங்கேயே காத்திருக்கலாம். பயமாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். போலீஸ் வீட்டுக்கு வரும். சில வாரங்களில் ஸ்பெயினின் மற்ற மாகாணங்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன.

அதை ஒட்டிய நாட்களில், ஏப்ரல் மாதத்தில், நான் திருச்சியில் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். அரிசி அட்டைக்காரர்களுக்குத் தமிழக அரசு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெயும் கொடுத்த நேரம் அது. டோக்கன் வீட்டுக்கே வந்தது, நாளும் நேரமும் போட்டு. சாலையில் சுண்ணாம்பால் வட்டம் வரைந்திருந்தார்கள். எனக்கு முந்திய வட்டத்தில் நின்ற பெண் முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடியிருந்தாள். முகக்கவசம் இல்லாத பலரும் அப்படித்தான் மூடியிருந்தார்கள். ஆனால் அவள் முந்தானையை இடது கண்ணுக்குக் கீழ்வரை இழுத்து விட்டிருந்தாள். மூட்டையைத் தூக்கக் குனிந்தபோது துணி நழுவியது. கன்னம் நீலம் பாரித்திருந்தது.

பணத்தை வாங்கிக்கொண்டு அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்க மர நிழலில் டிவிஎஸ் ஐம்பதில் உட்கார்ந்திருந்தவரிடம் போனாள். அவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். பணம் கை மாறியது. அதற்குச் சற்று முன்னால், வரிசையில் நிற்கும்போது, அவள் திரும்பாமலே என்னிடம் கேட்டிருந்தாள்: "அக்கா, அரியலூர் பஸ் எப்ப விடுவாங்கன்னு டிவில ஏதாச்சும் சொன்னாங்களா?" இல்லையே என்றேன். "அம்மா வீடு அங்கதான்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

பெண்களுக்கான 181 என்ற உதவி எண் எனக்குத் தெரியும். பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் மாவட்டத்தில் இருக்கிறார் என்பதும் தெரியும். இருந்தும் அந்த இரண்டு நிமிடத்தில் அவள் காதில் போட என் வாயில் ஒரு சொல் இல்லை. கனேரித் தீவில் மருந்துக் கடைக்காரருக்கு இருந்த சொல் எங்கள் ரேஷன் கடைக்கு ஏன் இல்லாமல் போனது என்ற கேள்வியோடுதான் இரண்டு நாட்டுச் சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

ஸ்பெயின் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சாவு இருக்கிறது. கிரனாடா பக்கத்தைச் சேர்ந்த அனா ஒராந்தெஸ், 1997 டிசம்பரில் அந்தலூசியத் தொலைக்காட்சியில் தோன்றி, நாற்பது வருடம் கணவனிடம் பட்ட அடிகளைச் சொன்னார். அதற்குள் விவாகரத்து ஆகியிருந்தது. ஆனால் நீதிமன்றம் வீட்டை இருவருக்கும் பொதுவாக வைத்திருந்தது: ஒரே கட்டடத்தில் ஒரு தளம் அவருக்கு, ஒரு தளம் இவருக்கு. நிகழ்ச்சி ஒளிபரப்பாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அந்த முன்னாள் கணவன் அவரை அடித்து, கட்டி, எரித்துக் கொன்றான். அந்த அதிர்ச்சியிலிருந்து கிளம்பிய வேகம்தான் 2003-இல் பாதுகாப்பு ஆணைக்கான சட்டமாகவும், 2004 டிசம்பரில் பாலின வன்முறைக்கு எதிரான முழுமையான சட்டமாகவும் வந்தது. பின்னதை நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அதன்கீழ் பெண்கள் மீதான வன்முறைக்கென்றே தனி நீதிமன்றங்கள் உருவாயின. 2007-இல் 016 என்ற உதவி எண் வந்தது. அதே வருடம், புகார் கொடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆபத்து எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸ் மதிப்பிட்டுத் தொடர்ந்து கண்காணிக்கிற வியோகென் என்ற கணினி அமைப்பும் வந்தது. இதையெல்லாம் நடத்தப் பணம் வேண்டுமே? 2017-இல் கட்சிகள் சேர்ந்து செய்துகொண்ட தேசிய ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 100 கோடி யூரோவை இதற்கென ஒதுக்கியது.

இந்தியாவில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. இந்திரா ஜெய்சிங் தலைமையில் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பும் பெண்கள் இயக்கங்களும் வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கிய சட்டம். அதற்கு முன் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு (1983) கணவனைச் சிறைக்கு அனுப்பியது. பெண்ணுக்குத் தங்க இடம் தரவில்லை. புதிய சட்டம் அவள் தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பற்றிப் பேசியது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அவள் அங்கே வசிக்கலாம் என்கிறது 17-ஆம் பிரிவு. தேவைப்பட்டால் அடிக்கிற ஆணை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி நடுவர் ஆணையிடலாம் என்கிறது 19-ஆம் பிரிவு.

இரண்டையும் வரி வரியாகப் படிக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அகலத்தில் நம் சட்டம்தான் பெரியது. ஸ்பெயினின் 2004 சட்டம், கணவனோ காதலனோ, இந்நாளோ முன்னாளோ, அவன் பெண்ணுக்குச் செய்கிற வன்முறையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. மகன் அடிக்கிற தாய், அப்பன் அடிக்கிற மகள் ஆகியோர் பொதுவான தண்டனைச் சட்டத்திடம்தான் போக வேண்டும். நம் சட்டத்தில் தாய், சகோதரி, மகள், விதவையாகிப் புகுந்த வீட்டில் இருப்பவள், திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவள் எல்லோரும் வருகிறார்கள். உடலில் படுகிற அடி மட்டுமல்ல, நாவால் சுடுவதும் வன்முறை. பணத்தைப் பிடுங்கிக்கொள்வதும், செலவுக்குக் கொடுக்காமல் வைப்பதும் 'பொருளாதார வன்முறை' என்று 3-ஆம் பிரிவு தனியே விளக்கிச் சொல்கிறது. அன்று மர நிழலில் நீண்ட கை இந்த விளக்கத்துக்குள் நேராக வந்து உட்காரும். ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய் போட்டார்களே, அந்த ஏடிஎம் அட்டை எத்தனை வீட்டில் யார் சட்டைப் பையில் இருந்தது என்று கேட்டால், அந்தப் பிரிவை எழுதியவர்கள் எவ்வளவு விவரம் தெரிந்தவர்கள் என்பது புரியும்.

இரண்டு சட்டங்களிலும் 'மூன்று நாள்' என்று ஒரு கணக்கு இருப்பதைப் பார்த்தேன். ஸ்பெயினில் பாதுகாப்பு ஆணை கேட்டு மனு வந்தால், 72 மணி நேரத்துக்குள் நீதிபதி இரு தரப்பையும் அழைத்து விசாரிக்க வேண்டும். இந்தியாவில் மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வர வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. நம் நீதிமன்ற வராண்டாவில் நின்றவர்களுக்கு அந்த மூன்று நாள் எப்படி மூன்று மாதம், மூன்று வருடம் ஆகிறது என்று தெரியும். ஊரடங்குக்கு முன்பே அப்படித்தான்.

ஸ்பெயினில் எச்சரிக்கை நிலை 2020 மார்ச் 14-இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆணையே நீதிமன்றங்களின் காலக்கெடுக்களை நிறுத்திவைத்தது. ஆனால் பெண்கள் மீதான வன்முறை வழக்குகளின் அவசர நடவடிக்கைகளும் பாதுகாப்பு ஆணைகளும் நிற்கக்கூடாது என்று அந்த ஆணையிலேயே விலக்கு எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாள், மார்ச் 17-இல், இரேனே மொந்தேரோ அமைச்சராக இருந்த சமத்துவ அமைச்சகம் ஒரு அவசரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மார்ச் 31-இல், முடக்கம் தொடங்கிப் பதினேழாம் நாள், அரச ஆணைச் சட்டம் 12/2020 வந்தது. 016 எண், சட்ட ஆலோசனை, புகலிடங்கள், ஆபத்தில் இருக்கும் பெண்களுக்குக் கொடுக்கப்படும் தொலைபேசிச் சேவை, தடை விதிக்கப்பட்ட ஆண்களின் காலில் கட்டும் கண்காணிப்புக் கருவி எல்லாமே அத்தியாவசியச் சேவைகள் என்று அது அறிவித்தது. புகலிடங்கள் நிரம்பினால் ஓட்டல்களையும் சுற்றுலா விடுதிகளையும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. அப்போது ஸ்பெயினில் தக்க காரணம் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே வந்தால் அபராதம். ஆனால் வன்முறைக்குத் தப்பி, புகார் கொடுக்க வெளியே வரும் பெண்ணுக்கு அபராதம் கிடையாது என்று அரசு வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

இந்த ஒரு வாக்கியம் என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது. நம் ஊரில் முதல் வாரங்களில் ரோட்டில் லத்தியோடு நின்றவர்கள் எல்லோரிடமும் கேட்டது, "எங்க போற?" மருந்து வாங்க, பால் வாங்க, மளிகை வாங்க என்று பதில் சொல்லலாம். "அடி தாங்க முடியல, தப்பிச்சுப் போறேன்" என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட பதிலா இல்லையா என்று யாரும் அறிவிக்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கைக்குழந்தையோடு படி இறங்கி நிற்கிறவளுக்கு அந்த அறிவிப்புதான் முதல் சட்ட உதவி.

இந்தியாவில் மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் ஊரடங்கு வந்தது. நான்கு மணி நேரம். மத்திய உள்துறையின் விதிவிலக்குப் பட்டியலில் காவல்துறை இருந்தது, மருத்துவமனை இருந்தது, வங்கி இருந்தது, பால் இருந்தது. ஏப்ரல் 15-இல் வந்த விரிவான நெறிமுறையில் ஆதரவற்ற பெண்கள், விதவைகளுக்கான இல்லங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. குடும்ப வன்முறைச் சட்டம் யாரை நம்பி நிற்கிறதோ அந்தப் பாதுகாப்பு அலுவலர் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

பாதுகாப்பு அலுவலர் என்றால் யார் என்று கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் இதயம் அவர்தான். பெண்ணிடம் நடந்ததைக் கேட்டு 'குடும்பச் சம்பவ அறிக்கை' எழுதுவது அவர் வேலை. நடுவரிடம் மனுவைச் சேர்ப்பது அவர். மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது, புகலிடத்தில் சேர்ப்பது, இலவசச் சட்ட உதவி கிடைக்கச் செய்வது, ஆணை வந்த பிறகு அது நடக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர்தான். அந்த அறிக்கைப் படிவத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். அறைந்தது, கடித்தது, உதைத்தது, தள்ளியது என்று உடல் வன்முறையே வரிசையாகப் போகிறது. பிறகு பாலியல் வன்முறை, வாய் வார்த்தை, மனத்தை நோகடித்தது, பணம், வரதட்சணை. 'ஆண் குழந்தை பெறவில்லை என்று குத்திக்காட்டியது' என்றுகூட ஒரு வரி. ஒரு பெண் வாழ்நாள் முழுக்க வாய் திறந்து சொல்லாததை எல்லாம் கட்டம் கட்டி அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதை நிரப்ப எதிரில் ஒரு மனுஷி உட்கார வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் மாவட்டத்துக்கு ஒருவர் என்பதுதான் கணக்கு. சில மாநிலங்களில் வேறு பதவியில் இருப்பவருக்கே இது கூடுதல் பொறுப்பு. அந்த ஒருவரும் வீட்டில் முடங்கினால் சட்டம் அலமாரியில்தான் இருக்கும்.

தமிழ்நாடு இதைச் சீக்கிரம் உணர்ந்தது. பாதுகாப்பு அலுவலர்கள் ஊரடங்கிலும் வெளியே போகலாம் என்று மாநில அரசு அறிவித்தது. உடனடி ஆபத்தில் இருந்த சில பெண்களை மீட்டுக் காப்பகங்களில் சேர்த்தார்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய 181 உதவி எண்ணும் இயங்கியது. இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் ஒரு மாநிலத்தின் அறிவிப்பாக இருந்தது நாடு முழுக்க சட்டமாக இல்லை. உத்தரப் பிரதேசத்தில் நடந்தது நேர் எதிர்: 181-இல் உட்கார்ந்து அழைப்பு எடுத்த பெண்களே 2020 நடுவில் வேலை இழந்து, சம்பள பாக்கிக்காகத் தெருவில் நின்றார்கள். ஸ்பெயினில் அதே வேலை செய்தவர்களை அத்தியாவசியப் பணியாளர் என்று சட்டம் சொன்ன வருடம் அது.

தேசிய மகளிர் ஆணையத்தின் எண்களைப் பார்த்தால் நிலைமை தெரியும். பிப்ரவரி 27 முதல் மார்ச் 22 வரை வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 123. மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை 239. ஒரே நீளமுள்ள இரண்டு காலங்கள், ஏறக்குறைய இரண்டு மடங்கு. தபாலில் புகார் அனுப்ப முடியாத நாட்கள் என்பதால் ஏப்ரல் 10-இல் ஆணையம் ஒரு வாட்ஸ்அப் எண்ணை வெளியிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தக்கூடிய கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் நாட்டில் 54 சதவீதம்தான். மீதிப் பேருக்கு அந்த எண்ணும் கணவன் கையில்தான் இருக்கிறது. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம், 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, ஒருவரிடமும் வாய் திறக்கவும் இல்லை. கணவனின் வன்முறையைச் சந்தித்த பெண்கள் இந்திய அளவில் 29 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் 38 சதவீதம். படிப்பில் முன்னே, வேலைக்குப் போவதில் முன்னே என்று நாம் சொல்லிக்கொள்கிற மாநிலத்தின் கணக்கு இது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

ஸ்பெயினின் 016-க்கு ஏப்ரல் 2020-இல் வந்த அழைப்புகள், முந்தைய வருட ஏப்ரலைவிட 60 சதவீதம் அதிகம். அந்த எண்ணில் சின்ன விஷயம் ஒன்று உண்டு. அழைத்த தடம் தொலைபேசிக் கட்டண ரசீதில் வராது. ஆனால் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலில் இருக்கும். அதை அழித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறவளின் கைநடுக்கத்தைத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு என்று அதைப் பார்த்ததும் தோன்றியது. பேசவே முடியாதவளுக்காக வாட்ஸ்அப் வழியாக மனநல ஆதரவும் கொடுத்தார்கள்.

இந்தியாவில் இதற்கு இணையாக நான் மதிக்கிற ஒன்று ஒடிஷா காவல்துறை செய்தது. ஊரடங்குக்கு முன் குடும்ப வன்முறைப் புகார் கொடுத்த பெண்களுக்குக் காவல் நிலையத்திலிருந்தே போன் போட்டு, எப்படி இருக்கிறீர்கள், மறுபடி ஏதாவது நடந்ததா என்று கேட்டார்கள். அவள் கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. போனைக் கணவன் எடுத்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. இருந்தாலும், காவல் நிலையம் நினைவு வைத்திருக்கிறது என்பது அவனுக்கும் கேட்கட்டும். வியோகென் கணினி ஸ்பெயினில் செய்கிற வேலையை, ஒரு பதிவேட்டையும் ஒரு தொலைபேசியையும் வைத்துக்கொண்டு செய்ய முடியும் என்று ஒடிஷா காட்டியது. நாடு முழுக்கச் செய்திருக்கலாம். புகார்ப் பதிவேடு இல்லாத மகளிர் காவல் நிலையம் ஏது?

அடைக்கலம் என்று வரும்போது இரண்டு நாடுகளின் வித்தியாசம் சட்டத்தைத் தாண்டிப் போகிறது. ஸ்பெயின் அரசு காலி ஓட்டல்களைக் கணக்கில் எடுத்தது. நம் நாட்டில் பெண்ணுக்கு இருக்கிற உண்மையான புகலிடம் அரசுக் காப்பகம் அல்ல, பிறந்த வீடுதான். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவது, பத்து நாள் கழித்துப் பெரியவர்கள் பேசிக் கொண்டுவந்து விடுவது, "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அனுப்புவது. இதில் நியாயம் கிடைப்பதில்லை. ஆனால் உயிர் தப்பிக்கிற பத்து நாள் கிடைக்கிறது. வீக்கம் வடிகிற பத்து நாள். கணவனுக்கும் ஊர் கேட்கும் என்ற பயம் வருகிற பத்து நாள். பேருந்தும் ரயிலும் நின்றபோது எந்தச் சட்டத்திலும் எழுதாத அந்தப் பாதுகாப்பு முறையும் நாடு முழுக்க ஒரே ராத்திரியில் நின்றுபோனது. கொள்கை வகுத்தவர்கள் அது இருப்பதாகவே நினைத்திருக்க மாட்டார்கள். நினைத்திருந்தால், மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ் கொடுத்தார்களே, திருமணம், இறப்பு, மருத்துவம் என்று காரணங்கள் வைத்தார்களே, அதில் நான்காவதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 2020 ஏப்ரலில், தலைமை நீதிபதி கீதா மிட்டல் இருந்த அமர்வு, யாரும் வழக்குப் போடாமலே தானாக முன்வந்து இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. தனி நிதி வேண்டும், காலியாகக் கிடக்கும் விடுதிகளையும் கல்விக்கூடங்களையும் அடைக்கலமாக்க வேண்டும், குடும்ப வன்முறை வழக்குகளை அவசர வழக்காகக் கருத வேண்டும் என்று சொன்னது. மளிகைக் கடையும் மருந்துக் கடையும் பெண்கள் விவரம் சொல்லக்கூடிய இடங்களாக வேண்டும் என்றும் சொன்னது. கனேரித் தீவின் யோசனை ஸ்ரீநகருக்கும் வந்து சேர்ந்திருந்தது. மளிகைக் கடை என்று அங்கே எழுதியதை இங்கே ரேஷன் கடை என்று மாற்றி எழுத எத்தனை நேரம் ஆகியிருக்கும்! தமிழ்நாட்டில் டோக்கனோடு, நாள் குறித்து, வட்டம் போட்டு, கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்துக்கும் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். டோக்கனின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

அதே வருடம் அக்டோபர் 15-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெரிய வாசல் திறந்தது. 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் அந்த நீதிமன்றமே 'பகிர்ந்து வாழும் இல்லம்' என்பதைச் சுருக்கிவிட்டிருந்தது: கணவனுக்குச் சொந்தமானது, அவன் வாடகைக்கு எடுத்தது, அல்லது அவன் உறுப்பினராக உள்ள கூட்டுக்குடும்பத்துச் சொத்து என்று. வீடு மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தால் மருமகள் நடுத்தெருவில். சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில், நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு அது தவறு என்று சொல்லி, மாமனார் வீட்டிலும் அவளுக்கு வசிக்கும் உரிமை உண்டு என்று தீர்த்தது. நம் குடும்பங்களில் வீடு பெரும்பாலும் யார் பெயரில் இருக்கிறது என்பதை நினைத்தால், ஏறக்குறைய பதினான்கு வருடம் எத்தனை பேர் சட்டம் இருந்தும் வெளியே நின்றிருப்பார்கள்! ஒரே வீட்டில் அடைபட்டிருந்த அந்த மாதங்கள் முடிந்தபிறகு வந்த தீர்ப்பு. வந்ததே என்று சந்தோஷப்படுகிறேன்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச் 24-இல் டாஸ்மாக் கடைகள் மூடின. மே 7-இல் சென்னை தவிர மற்ற இடங்களில் திறந்தார்கள். மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, மே 16-இல் மறுபடி திறந்தன. திறந்த அன்று பல ஊர்களில் பெண்கள் கடை முன் நின்று மறித்தார்கள். ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளி நின்று போராடிய பெண்களின் படம் பத்திரிகையில் வந்தது. குடி இல்லாமலும் அடிக்கிறவன் அடித்தான், அந்த ஒன்றரை மாதப் புகார்களே சாட்சி. ஆனாலும் தங்கள் வீட்டு அடிக்கு எது எண்ணெய் ஊற்றுகிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஸ்பெயினைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. முடக்கம் தொடங்கி ஐந்தாம் நாளே, அல்மஸ்ஸோரா என்ற ஊரில் ஒரு பெண்ணைக் கணவன் பிள்ளைகள் கண்முன்னே கொன்றான். அவசரத் திட்டம் வந்து அப்போது இரண்டு நாள் ஆகியிருந்தது. 016-க்கு அழைப்பு கூடியதே தவிர, நீதிமன்றத்துக்குப் போன புகார்கள் அந்தக் காலாண்டில் குறைந்தன. பேசத் துணிந்தவளும், அவனோடு அதே வீட்டில் இருந்துகொண்டே அவன்மேல் புகார் கொடுக்கத் துணியவில்லை. காகிதம் இல்லாத புலம்பெயர்ந்த பெண்கள் போலீஸ் என்றாலே பயந்தார்கள். பெரிய பாடம் ஒன்றும் பிறகுதான் வந்தது. இரண்டாவது எச்சரிக்கை நிலை 2021 மே 9-இல் முடிந்ததும், அடுத்த சில வாரங்களில் பெண்கள் கொலைகள் அடுத்தடுத்து நடந்தன. உள்ளே அடைத்து வைத்திருந்தபோது தன் கைக்குள் இருந்தவள், கதவு திறந்ததும் பிரிந்து போகிறேன் என்கிறாள். அவன் அப்போதுதான் கொல்கிறான். முடக்க காலத்துக்கென்று எழுதிய சட்டம், முடக்கம் முடிகிற வாரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லை.

இருந்தும் என் மனசு அந்த மார்ச் 31 ஆணையிடமே திரும்பத் திரும்பப் போகிறது. அதில் புதிய உரிமை என்று எதுவும் பெரிதாக இல்லை. ஏற்கெனவே இருந்த தொலைபேசியை எடுப்பவர், புகலிடத்தில் சமைப்பவர், கால் கருவியைப் பொருத்துபவர் இவர்களைப் பெயர் சொல்லி, நீங்கள் இல்லாமல் நாடு நடக்காது என்று எழுதினார்கள். நம்மிடம் அதைவிட அகலமான சட்டம் பதினான்கு வருடமாக இருந்தது. 2013-இல் 1,000 கோடி ரூபாயோடு தொடங்கிய நிர்பயா நிதி இருந்தது. அதில் செலவாகாமல் கிடக்கும் பணத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் எத்தனையோ தடவை கேள்வி எழுந்திருக்கிறது. 2015 முதல் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருந்தன. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் எழுதுகிற பட்டியலில், பால், மருந்து, பெட்ரோல் வரிசையில் 'பாதுகாப்பு அலுவலர்' என்று இரண்டு சொல் சேர்க்கத்தான் கை வரவில்லை. அடுத்த பெருந்தொற்றோ, பெருவெள்ளமோ, புயலோ வரும்போது மாவட்ட ஆட்சியர் மேசையில் இருக்கப்போகிற பட்டியலை இப்போதே எடுத்துப் பார்க்கலாம். அதில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று சட்டமன்றத்தில் யாராவது ஒருவர் கேட்கலாம்.

ஜூன் 1-இல் தமிழ்நாட்டில் மண்டலத்துக்குள் பேருந்து ஓட ஆரம்பித்தது. திருச்சியும் அரியலூரும் ஒரே மண்டலம். காலையில் மத்தியப் பேருந்து நிலையம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். இருக்கைகளில் ஒன்று விட்டு ஒன்றில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். ஜன்னல் ஓரம் முந்தானையால் முகத்தை மூடிய பெண்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் துணிப்பையோடு. அவர்களில் அவள் இருக்கிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லோரும் கண்வரை மூடியிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார்.